பனியுலகிற் சென்ற தூது

அமெரிக்க நாட்டு உர்சுலா லெ குவின் அம்மையார் (1929–2018), 'இருளின் இடக்கை' எனப் பொருள்படும் பெயருடைய விஞ்ஞான நாவலை 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். கெத்தென் என்னும் கடுங்குளிர்க் கோளுக்கு ஜென்லி ஐ என்னும் தூதன் செல்லும் வரலாறே அதன் பொருள். எண்பதுக்கு மேற்பட்ட உலகங்களின் கூட்டுறவாகிய எக்குமென், அவனைப் படையின்றித் தனியே விடுக்கின்றது. பலர் சென்றால் படையெடுப்பெனத் தோன்றும். ஒருவனாற் கேடு விளையாதன்றோ?

கெத்தெனில் ஆண், பெண் என்னும் நிலைத்த வேறுபாடு இல்லை. திங்கள்தோறும் சின்னாள் மட்டுமே ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ ஆகின்றனர். இம்முறை ஆணாயினார் மறுமுறை பெண்ணாதலுங் கூடும்.

கார்ஹைட் நாட்டு முதலமைச்சர் எஸ்டிராவென் தூதின் பயனை நன்குணர்ந்தவர். அவரையே ஜென்லி ஐயுறுகின்றான். அந்நாட்டார் மானங் கருதி எதனையும் குறிப்பாற் கூறுவரேயன்றி வெளிப்படக் கூறார். அக்குறிப்பு அவனுக்கு எட்டவில்லை. அஃதன்றியும், எல்லாரையும் ஆடவராகவே காண விழையும் அவன், எஸ்டிராவெனிடம் பெண்மையின் சாயல் தோன்றுந்தோறும் அதனை வஞ்சமென்று கொள்கின்றான். கோளின் குளிரினும் இப்பார்வைக் குறையே தூதுக்குப் பெரும்பகை என்பது எம் கருத்து.

இலக்கணம் பயிலும் எமக்கு ஈண்டு ஓர் எண்ணம் எழுகின்றது. ஆங்கில மூலம் அம்மக்களை ஆண்பாற் சுட்டுப்பெயராற் குறிக்கின்றது. அதனைக் குறைகூறினார் பலர். 1976-இல் எழுதிய கட்டுரையில் அம்மையார் அதற்கு அமைதி கூறினரேனும், பின்னர்த் தங்கருத்தை மாற்றிக்கொண்டனர். தமிழில் எழுதின் என்னாகும்? 'ஒருவர்' என்னுஞ் சொல் இருபாற்கும் உரியதெனத் தொல்காப்பியர் விதித்தனர். 'அவர்' என்பதோ பலர்பாலாயினும் உயர்வு பற்றி ஒருவர்க்கும் வரும். யாமும் மேலே எஸ்டிராவெனை இடர்ப்பாடின்றி 'அவர்' என்றே எழுதிவிட்டோம். ஆயினும் இவ்வெளிமையில் ஓர் இழப்பும் உண்டு: தூதன் இடறிய இடத்தைத் தமிழ் படிப்பார் இடறாமலே கடந்துவிடுவர்.

நிற்க. கார்ஹைட் அரசன் அஞ்சித் தூதை மறுத்தனன். அண்டை நாடாகிய ஓர்கொரைனிற் சிறைப்பட்ட ஜென்லியை மீட்பவர், முன்னரே நாடுகடத்தப்பட்ட எஸ்டிராவெனே. இருவரும் சறுக்குவண்டி இழுத்து ஏறத்தாழ 80 நாள் பனிப்பாழைக் கடக்கின்றனர். அரசவையில் விளங்காதது ஒரு சிறு கூடாரத்துள் விளங்குகின்றது. ஆணும் பெண்ணுமாகிய ஒருவராக அவரை அவன் ஏற்கின்றான். இப்பயணத்தைத் தூதன் எழுத்தும் எஸ்டிராவெனின் நாட்குறிப்பும் மாறிமாறி உரைப்பதால், ஒரே இரவை இருவர் கண்ணாலுங் காண்கின்றோம். நாவலின் உயிர்நிலை இதுவே.

பின்னர் எல்லைக் காவலராற் சுடப்பட்டு எஸ்டிராவென் இறக்கின்றார். அவர்மீதுள்ள தண்டம் நீங்குமட்டும் விண்கலத்தை இறக்கேன் எனச் சூளுரைத்திருந்த தூதன், அச்சூளைக் காவாது கலத்தை இறக்குகின்றான். கார்ஹைட் கூட்டுறவில் இணைகின்றது. அவர் உயிர்கொடுத்தது அதன்பொருட்டே என்பான் ஜென்லி. எமக்கோ மனம் அமையவில்லை. அவனுக்கும் அமைந்திலது போலும். எஸ்டிராவெனின் இல்லத்தைத் தேடிச் செல்கின்றான். அங்கே அவருடைய இளம் பிள்ளை, அவர் இறந்தவாற்றையும் விண்மீன்களிடையே உள்ள பிறவுலகங்களின் செய்தியையும் சொல்லுமாறு அவனைக் கேட்கின்றது.