விளையாட்டுக் கட்டுப்படுத்தியும் கணினியும் – மீட்டற் பாடம்



உள்ளீட்டுச் சாதனங்கள், வெளியீட்டுச் சாதனங்கள், துறைகள், சாதனச் செலுத்திகள், கம்பியில்லாத் தொடர்பாடல் ஆகியவற்றை நீங்கள் தனித்தனியே படித்திருப்பீர்கள். பரீட்சைக்கு முன் அவை யாவற்றையும் ஒரே பொருளில் வைத்து மீட்டிப் பார்ப்பதற்காகவே இப்பாடம் எழுதப்படுகின்றது. அப்பொருள், விளையாட்டுக் கொன்சோல்களுடன் வரும் கம்பியில்லாக் கட்டுப்படுத்தி ஆகும். கடைகளில் இதனைக் ‘கொன்ரோலர்’ என்பர். உங்களிற் பலர் ‘ரிமோட்’ என்கிறீர்கள். விடைத்தாளில் அப்படி எழுத வேண்டாம். தொலைக்காட்சி ரிமோட் பெரும்பாலும் செங்கீழ்க் கதிரைப் பயன்படுத்துவது. இடையில் ஒருவர் நின்றால் வேலை செய்யாது. இக்கட்டுப்படுத்திகள் ரேடியோ அலையைப் பயன்படுத்துபவை. நேரே பிடிக்க வேண்டியதில்லை.

சாதாரண தர வருடத்தில் விளையாட்டைப் பற்றி ஒரு பாடமா என்று வீட்டில் கேட்டால், இறுதியில் உள்ள வினாக்களைக் காட்டுங்கள்.

1. உள்ளீட்டுச் சாதனமா, வெளியீட்டுச் சாதனமா?

முதலில் என் பிழை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் வகுப்பில் நடத்திய ஓர் அலகுப் பரீட்சையில், விளையாட்டுக் கட்டுப்படுத்தி எவ்வகைச் சாதனம் என்று கேட்டிருந்தேன். ஒரு மாணவன் “உள்ளீடும் வெளியீடும்” என்று எழுதியிருந்தான். பிழை போட்டுவிட்டேன். வகுப்பு முடிந்ததும் அவன் மேசையடிக்கு வந்து, “சேர், அது கையில அதிருதே, அந்த அதிர்வை ஆர் அனுப்புறது?” என்று கேட்டான். நான் கலைப் பட்டதாரி. கணினியைப் பின்னர்தான் படித்தேன். எனக்கு உடனே விடை வரவில்லை. வீட்டுக்குப் போய்த் தேடிப் பார்த்து, அடுத்த வகுப்பில் அவனுடைய புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன்.

அவன் சொன்னதே சரி. பொத்தானை அழுத்தும்போது தரவு கட்டுப்படுத்தியிலிருந்து கணினிக்குச் செல்கின்றது, இது உள்ளீடு. விளையாட்டில் கார் சுவரில் மோதும்போது கணினியிலிருந்து கட்டுப்படுத்திக்கு ஒரு கட்டளை வருகின்றது, இது வெளியீடு. எக்ஸ்பொக்ஸ் 360 கட்டுப்படுத்தியின் இரு கைபிடிகளுக்குள்ளும் ஒவ்வொரு சிறு மோட்டர் உண்டு. மோட்டரின் அச்சில் ஒரு பக்கமாகப் பாரம் பொருத்தப்பட்டிருப்பதால், சுழலும்போது அது அதிர்கின்றது. இடப்பக்கத்தில் பெரிய பாரம், ஆகவே மெதுவான பலத்த அதிர்வு. வலப்பக்கத்தில் சிறிய பாரம், ஆகவே வேகமான மெல்லிய அதிர்வு. தொடுதிரை எப்படி இரண்டு வகைக்கும் உரியதோ அப்படியே இதுவும்.

கவனிக்க: பல்தேர்வு வினாவில் ‘உள்ளீடும் வெளியீடும்’ என்ற தெரிவு தரப்படாவிட்டால் ‘உள்ளீடு’ என்பதையே தெரிவு செய்க. ‘ஜோய்ஸ்ரிக்’ என்று மட்டும் கேட்டாலும் உள்ளீடு என்றே எழுதுக. அதிர்வு பற்றி வினாவில் சொல்லப்பட்டிருந்தால் மாத்திரம் இரண்டையும் எழுதிக் காரணமும் தருக. காரணம் இல்லாத விடைக்குப் புள்ளி குறையும்.

2. விரலின் அசைவு எண்ணாக மாறும் விதம்

பொத்தான் ஒன்றுக்கு இரண்டு நிலைகளே உண்டு. அழுத்தினால் 1, விட்டால் 0. எனவே ஒரு பொத்தானுக்கு ஒரு பிற்று போதும்.

பெருவிரலால் அசைக்கும் குச்சி அப்படியன்று. அதனடியில் இரண்டு மாறுந்தடைகள் உள்ளன. ஒன்று இட–வல அசைவுக்கு, மற்றையது மேல்–கீழ் அசைவுக்கு. குச்சியைச் சிறிது சிறிதாகச் சரிக்கும்போது வோல்ற்றளவும் சிறிது சிறிதாக மாறும். தொடர்ச்சியாக மாறும் இத்தகைய சமிக்ஞை ஒப்புமைச் சமிக்ஞை ஆகும். கணினிக்கு இது நேரடியாக விளங்காது. ஆகவே கட்டுப்படுத்தியின் உள்ளேயே இது இலக்கமுறைச் சமிக்ஞையாக மாற்றப்பட்டு, அதன் பின்னரே அனுப்பப்படுகின்றது. மெதுவாகச் சரித்தால் விளையாட்டில் வரும் ஆள் நடப்பதும், முழுதாகச் சரித்தால் ஓடுவதும் இதனாலேயே. விசைப்பலகையின் அம்புக்குறிச் சாவியால் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியாது.

2005 இல் எக்ஸ்பொக்ஸ் 360 வெளிவந்த காலத்தில், விண்டோஸ் கணினிகளுக்காக மைக்ரோசொஃப்ட் நிறுவனம் ‘எக்ஸ்இன்புட்’ என்ற இடைமுகத்தை வெளியிட்டது. அதில் குச்சியின் ஒவ்வொரு திசையசைவுக்கும் 16 பிற்றுகள். முழுதாக இடப்பக்கம் சரித்தால் –32 768, முழுதாக வலப்பக்கம் சரித்தால் +32 767. இரண்டும் ஏன் சமமாக இல்லை என்று யோசியுங்கள். 16 பிற்றுகளால் 65 536 வெவ்வேறு எண்களைக் குறிக்கலாம். அதில் ஓர் இடத்தை 0 எடுத்துக்கொள்வதால் நேர்ப்பக்கத்தில் ஒன்று குறைகின்றது. துவித எண் அலகில் படித்த கணக்கு இங்கே வருகின்றது, பார்த்தீர்களா?

3. ‘இணைத்துவிட்டேன்’ என்றால் என்ன?

இப்பாடத்தின் முக்கிய பகுதி இதுவே, ஆறுதலாகப் படியுங்கள்.

மேலே சொன்ன அதே மாணவனுக்கு வெளிநாட்டிலிருந்து அவனுடைய மாமா பழைய எக்ஸ்பொக்ஸ் 360 கம்பியில்லாக் கட்டுப்படுத்தி ஒன்றை அனுப்பியிருந்தார். கொன்சோல் இல்லை, கட்டுப்படுத்தி மட்டும். அவன் சேர்த்து வைத்த காசில் அதற்குரிய மின்னேற்றும் கேபிளை வாங்கிக் கணினியின் யூ.எஸ்.பி. துறையில் சொருகினான். பற்றரி ஏறியது, விளக்கு எரிந்தது, விளையாட்டில் ஒன்றும் அசையவில்லை. மூன்று துறைகளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். என்னிடம் கேட்டபோது, “சாதனச் செலுத்தி இல்லாமல் இருக்கும்” என்றேன். அதுவும் பிழை.

உண்மையான காரணம் இது. அந்தக் கேபிள் மின்னை மட்டுமே கொண்டு செல்வது. பொத்தான்களின் தரவு அதனூடாக வருவதில்லை. கேபிள் போட்டிருக்கும்போதும் அந்தக் கட்டுப்படுத்தி தன் தரவை ரேடியோ அலையிலேயே அனுப்பிக்கொண்டிருக்கும். அதைப் பெறுவதற்கு அவனுடைய கணினியில் எதுவும் இல்லை.

ஆகவே ஒரு சாதனம் கணினியுடன் வேலை செய்ய மூன்று விடயங்கள் ஒருங்கே வேண்டும். முதலாவது மின். இரண்டாவது, தரவு செல்லும் வழி. அது கேபிளாகவும் இருக்கலாம், அலையாகவும் இருக்கலாம். மூன்றாவது, வந்த தரவைப் பணிசெயல் முறைமையும் விளையாட்டு மென்பொருளும் விளங்கிக்கொள்ளல். விளக்கு எரிவது முதலாவதற்கு மட்டுமே சான்று. மற்ற இரண்டையும் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

இரண்டாவதைச் சோதிக்க விண்டோஸில் எளிய வழி ஒன்று உண்டு. தேடும் பெட்டியில் ‘ஜோய்’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும், ஒரு புள்ளியையும், ‘சிபிஎல்’ என்பதன் மூன்று ஆங்கில எழுத்துகளையும் தட்டச்சுச் செய்து திறந்தால், இணைந்துள்ள விளையாட்டுக் கட்டுப்படுத்திகளின் பட்டியல் வரும். அங்கே பெயர் இருந்து, பொத்தானை அழுத்தும்போது வட்டங்கள் ஒளிர்ந்தால் தரவு வருகின்றது என்று அர்த்தம். அதன் பின்னும் விளையாட்டு அசையாவிட்டால் குறை மூன்றாவதில்தான்.

4. வழிகள்

எக்ஸ்பொக்ஸ் 360 கம்பியில்லாக் கட்டுப்படுத்தியில் புளூடூத் கிடையாது. அது 2.4 கிகாஹேட்ஸ் வீச்சைப் பயன்படுத்தினாலும் மைக்ரோசொஃப்ட்டின் தனிப்பட்ட நெறிமுறையில் இயங்குவது. ஒரே மீடிறன் என்பதற்காக இரண்டு சாதனங்கள் பேசிக்கொள்ளா. ஒரே அறையில் இருவர் பேசினாலும் மொழி ஒன்றாக இருக்க வேண்டுமல்லவா? இதற்காக 2007 இல் விண்டோஸ் கணினிகளுக்கெனத் தனியான வாங்கி ஒன்று வெளியிடப்பட்டது. அதனை யூ.எஸ்.பி. துறையில் சொருகி, அதிலுள்ள பொத்தானை அழுத்தி, பின் கட்டுப்படுத்தியின் விளிம்பிலுள்ள சிறு பொத்தானையும் அழுத்த வேண்டும். நடுப் பொத்தானைச் சுற்றியுள்ள ஒளி வளையம் சுழன்று, நான்கு பாகங்களில் ஒன்று நிலையாக எரியும். முதலாவது விளையாட்டு வீரர் யார், இரண்டாவது யார் என்பதை அந்தப் பாகம் காட்டும். ஒரு வாங்கியில் நான்கு கட்டுப்படுத்திகள் வரை இணைக்கலாம்.

அந்த மாணவன் வாங்கியை வாங்கவில்லை. கேபிளுக்குக் கொடுத்த காசுடன் இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தால் வயர் உள்ள கட்டுப்படுத்தியையே வாங்கியிருக்கலாம் என்று பின்னர் சொன்னான். நானும் அதையே சொல்வேன். மேசைக்கு முன்னால் இருந்து விளையாடுபவருக்குக் கம்பியில்லாமை பெரிய இலாபமன்று.

பிளேஸ்டேஷன் 4 இன் ‘டுவல்ஷொக் 4’ 2013 இல் வந்தது. இதில் புளூடூத் உண்டு. ‘ஷெயார்’ பொத்தானையும் நடுவிலுள்ள பி.எஸ். பொத்தானையும் சேர்த்து, ஒளிப்பட்டை விரைவாக மின்னும் வரை அழுத்திப் பிடித்து, பின் கணினியின் புளூடூத் பட்டியலிலிருந்து தெரிவு செய்ய வேண்டும். தரவுக் கேபிளாலும் இணைக்கலாம். ஆனால் பட்டியலில் பெயர் வந்த பின்னும் பல விளையாட்டுகள் இதற்கு அசையமாட்டா. அவை எக்ஸ்இன்புட் இடைமுகத்தையே எதிர்பார்த்து எழுதப்பட்டவை. எனவே இடையில் மொழிபெயர்க்கும் மென்பொருள் ஒன்று தேவை. ‘ஸ்ரீம்’ என்ற விளையாட்டு மென்பொருள் 2016 முதல் இதனைச் செய்கின்றது. இன்னொன்று: கணினியுடன் சோடி சேர்த்த கட்டுப்படுத்தியை மீண்டும் கொன்சோலில் பயன்படுத்த, கேபிளால் ஒருமுறை கொன்சோலுடன் இணைக்க வேண்டும். அண்ணாவின் கட்டுப்படுத்தியை இரவல் வாங்குபவர்கள் இதை மறந்து ஏச்சு வாங்குவதுண்டு.

எக்ஸ்பொக்ஸ் வன் கட்டுப்படுத்திகளைப் பழைய பொருளாக வாங்கும்போது அவதானம் தேவை. 2013 இல் வந்தவற்றில் புளூடூத் இல்லை. 2016 இல் வந்த எக்ஸ்பொக்ஸ் வன் எஸ் கட்டுப்படுத்தியிலிருந்தே அது சேர்க்கப்பட்டது. பெட்டி இல்லாமலேயே வேறுபாடு காணலாம். நடுவிலுள்ள பெரிய பொத்தானைச் சுற்றிய பிளாஸ்ரிக், முன்பக்கப் பிளாஸ்ரிக்குடன் ஒரே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. அது தனித் துண்டாக, மேல் விளிம்பின் பொத்தான்களுடன் தொடர்ந்து வந்தால் பழையது. விற்பவர் எல்லாவற்றையும் “புளூடூத் தம்பி” என்றுதான் சொல்வார்.

புளூடூத் பற்றி ஒரு குறிப்பு: 2.4 கிகாஹேட்ஸ் வீச்சில் 79 அலைவரிசைகளுக்கிடையே செக்கனுக்கு 1600 தடவைகள் தாவித் தாவிச் செல்வதே அதன் அடிப்படை முறை. அதே வீச்சை வைஃபையும் நுண்ணலை அடுப்பும் பயன்படுத்துவதால், ஓர் அலைவரிசையில் இடையூறு வந்தாலும் அடுத்ததில் தரவு போய்ச் சேரும். யூ.எஸ்.பி. 3.0 துறையில் வன்தட்டு ஒன்றை இணைத்திருந்தால் அதுவும் இவ்வீச்சில் இரைச்சலை ஏற்படுத்தலாம். கட்டுப்படுத்தி விட்டுவிட்டு வேலை செய்தால், வாங்கியை ஒரு நீட்டிப்புக் கேபிளில் போட்டு அத்துறையிலிருந்து தள்ளி வையுங்கள்.

இச்சாதனம் விளையாட்டுக்கு மட்டுமா என்று கேட்டால் இல்லை என்க. 2018 இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘கொலராடோ’ நீர்மூழ்கிக் கப்பலில், வெளிக்காட்சியைப் பார்க்கும் கமராத் தூணைத் திருப்புவதற்கு எக்ஸ்பொக்ஸ் 360 கட்டுப்படுத்தியே பயன்பட்டது. அதே வருடம், கைவிரல்களைச் சாதாரணமாக அசைக்க முடியாதவர்களுக்காகப் பெரிய பொத்தான்களும் வேறு ஆளிகளைச் சொருக 19 துளைகளும் கொண்ட எக்ஸ்பொக்ஸ் கட்டுப்படுத்தி ஒன்று வெளிவந்தது. அது விண்டோஸ் கணினியிலும் இயங்கும்.

5. மாதிரி வினாக்கள்

வினா 1. எக்ஸ்இன்புட் இடைமுகத்தில் பொத்தான்கள் யாவற்றுக்கும் சேர்த்து 16 பிற்றுகளும், இரு விசைவில்லைகள் ஒவ்வொன்றுக்கும் 8 பிற்றுகளும், இரு குச்சிகளின் நான்கு அசைவுகள் ஒவ்வொன்றுக்கும் 16 பிற்றுகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. கட்டுப்படுத்தியின் ஒரு நிலையைக் குறிக்க எத்தனை பைற்றுகள் தேவை?

விடை: 16 + (2 × 8) + (4 × 16) = 96 பிற்றுகள். 96 ÷ 8 = 12 பைற்றுகள். (விசைவில்லை என்பது சுட்டுவிரலால் இழுக்கும் பொத்தான். அதன் பெறுமானம் 0 முதல் 255 வரை. ஏன் 255 என்பதை நீங்களே எழுதிப் பாருங்கள்.)

வினா 2. கம்பியில்லாக் கட்டுப்படுத்தி ஒன்றினைக் கேபிளால் கணினியுடன் இணைத்தபோது பற்றரி மின்னேறுகின்றது. ஆனால் சாதனப் பட்டியலில் கட்டுப்படுத்தி தோன்றவில்லை. பொருத்தமான காரணம் ஒன்றினைத் தருக.

விடை: பயன்படுத்திய கேபிள் மின்னை மட்டும் கடத்துவதாக இருக்கலாம், தரவு செல்லும் வழி ஏற்படவில்லை. (‘துறை பழுது’ என்று எழுதினால் புள்ளி கிடையாது. துறை பழுதானால் மின்னும் ஏறாதிருக்கக்கூடும் என்பதை வினாவே உணர்த்துகின்றது.)

வினா 3. நிமலன் தனது டுவல்ஷொக் 4 கட்டுப்படுத்தியைப் புளூடூத் மூலம் கணினியுடன் சோடி சேர்த்தான். சோதனைச் சாளரத்தில் பொத்தான்கள் யாவும் ஒளிர்கின்றன. ஆனால் காரோட்டும் விளையாட்டில் கார் அசையவில்லை. அவனுடைய தம்பி, “பற்றரி முடிஞ்சிருக்கும்” என்கிறான்; நண்பன், “புளூடூத் வேலை செய்யேல்லை” என்கிறான். இருவர் கூற்றும் ஏன் பொருந்தாது என்பதை விளக்கி, நிமலன் செய்ய வேண்டியதைக் குறிப்பிடுக. (6 புள்ளிகள். விடையை எழுதிக்கொண்டு வகுப்புக்கு வரவும்.)