மறுப்பை எழுத்தில் பெறுதல்: மருத்துவமனைப் பாகுபாட்டை எதிர்கொள்ளும் முறை

மருத்துவமனையில் நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் எதிர்கொள்ளும் பாகுபாடு, சிகிச்சை தர முடியாது என்ற வெளிப்படையான மறுப்பாக வருவது அரிது. எச்.ஐ.வி. உள்ளவரின் அறுவைச் சிகிச்சை இரண்டு முறை ஒத்திவைக்கப்பட்டு, மூன்றாம் முறை "பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று முடிவதும், காது கேளாதவர் தம் டோக்கன் எண் வாய்மொழியாக அழைக்கப்பட்டதை அறியாமல் புறநோயாளர் பிரிவில் நண்பகல்வரை காத்திருப்பதும், சக்கர நாற்காலியில் வந்த பெண்ணின் வயிற்றுவலியைப் பற்றி மருத்துவர் உடன் வந்தவரிடம் விசாரிப்பதுமே அதன் வழக்கமான வடிவங்கள். இவற்றில் எதுவும் கேஸ் ஷீட்டில் பதிவாவதில்லை என்பதால், நடந்ததை எழுத்துக்குக் கொண்டுவருவதே பாதிக்கப்பட்டவர் செய்ய வேண்டிய முதல் வேலையாகிறது.

இந்தியாவில் இதற்குத் துணைநிற்பவை முதன்மையாக இரண்டு சட்டங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016-இன் 25-ஆம் பிரிவு, அரசு மருத்துவமனைகளில் மட்டுமன்றித் தனியார் மருத்துவமனைகளிலும் எல்லாப் பகுதிகளுக்கும் தடையின்றிச் சென்றுவரும் வசதியும், கவனிப்பிலும் சிகிச்சையிலும் முன்னுரிமையும் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017, தொற்றைக் காரணம் காட்டி மருத்துவ சேவையை மறுப்பதைத் தடைசெய்கிறது.

திட்டமிட்ட சிகிச்சைக்குச் செல்பவர், தமக்குத் தேவையான 'நியாயமான வசதி' எதுவென முன்கூட்டியே கடிதமாகக் கொடுத்து, அதன் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. நியாயமான வசதி என்பது, மருத்துவமனைக்கு அளவுமீறிய சுமையாகாமல், குறிப்பிட்ட ஒருவர் மற்றவர்களுக்கு இணையாகச் சிகிச்சை பெறுவதற்காகச் செய்யப்படும் மாற்றம். சைகைமொழி பெயர்ப்பாளர், தாழ்வான பரிசோதனை மேசை, எண்ணை எழுதிக் காட்டும் பலகை ஆகியன அதற்கு எடுத்துக்காட்டுகள். முன்பே கேட்கப்படாத வசதியை "யாரும் சொல்லவில்லையே" என்று தட்டிக்கழிப்பது எளிது.

மறுப்போ ஒத்திவைப்போ நேரும்போது, குரலை உயர்த்துவதைவிட, பரிந்துரைச் சீட்டிலோ ஓ.பி. சீட்டிலோ காரணத்தை எழுதித் தருமாறு பணிவாகவும் விடாப்பிடியாகவும் கேட்பதே பயன் தரும். எழுத வேண்டும் என்றதும் காரணம் மாறிவிடுவதும் உண்டு, அந்த மாற்றமும் குறித்துவைக்கத் தக்கதே. எழுதித் தர மறுத்தால், தேதி, நேரம், பிரிவு, பேசியவரின் பதவி, சொன்ன சொற்கள் ஆகியவற்றை அன்றே குறித்து, உடனிருந்தவரின் கையொப்பத்தைப் பெறலாம். உள்நோயாளியாக இருந்தவர் தம் மருத்துவ ஆவணங்களைக் கேட்டால், 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. உயிருக்கு ஆபத்தான நிலையில் இந்தக் காகித வேலைகள் காத்திருக்கலாம். அரசு மருத்துவரோ தனியார் மருத்துவரோ, உயிர்காக்கும் சிகிச்சையைத் தரக் கடமைப்பட்டவர் என்று உச்ச நீதிமன்றம் 1989-இலேயே தீர்ப்பளித்துள்ளது.

எச்.ஐ.வி. உள்ளவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உள்ளன. நோயாளியின் அறிவார்ந்த ஒப்புதல், அதாவது விளைவுகளைப் புரிந்துகொண்டு தரும் சம்மதம், இல்லாமல் பரிசோதனை செய்யக் கூடாது. கட்டிலின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் சிவப்பு மையால் குறியிடுவது, கடந்துபோகும் எவருக்கும் நோயைத் தெரிவித்துவிடுவதால், இரகசியக் காப்புக்கே எதிரானது. "தனிக் கிட்" என்று கூடுதல் கட்டணம் கேட்பதும் ஏற்கத்தக்கதன்று, ஏனெனில் கையுறை உள்ளிட்ட பொது முன்னெச்சரிக்கைகள் தொற்று தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் எல்லா நோயாளிகளிடமும் கடைப்பிடிக்கப்பட வேண்டியவை.

புகாரை அளிக்கும் வழி இடத்துக்கு ஏற்ப மாறும். அரசு மருத்துவமனை குறித்த புகாரை மாற்றுத்திறனாளிகள் முதலில் அதன் தலைவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கொடுக்கலாம். நிறைவு ஏற்படாவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரை அணுகலாம். தனியார் மருத்துவமனை குறித்த புகாரையும் அவரிடம் கொண்டுசெல்லலாம். ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்தைப் போல ஆட்களை அழைத்து விசாரிக்கும் அதிகாரம் இருந்தாலும் முடிவில் அவர் தருவது பரிந்துரையே என்பது இவ்வழியின் பலவீனம். எச்.ஐ.வி. தொடர்பான புகாரை விசாரிக்கும் குறைதீர்ப்பாளரின் ஆணை அதனினும் வலிமையானது: புகாரை யார் வேண்டுமானாலும் அளிக்கலாம்; 30 நாட்களுக்குள், மருத்துவ அவசரமெனில் இயன்றவரை 24 மணி நேரத்துக்குள், ஆணை வர வேண்டும்; மீறினால் 10,000 ரூபாய்வரை அபராதமும், மீறல் தொடரும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய்வரை கூடுதல் அபராதமும் உண்டு.

வழக்கறிஞரை அமர்த்த வசதியற்ற மாற்றுத்திறனாளிகள், வருமான வரம்பின்றி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவியைப் பெறலாம்; 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். அழைக்கும்போது ஓ.பி. சீட்டையும், முத்திரை பெற்ற கடித நகலையும், அன்றே எழுதிய குறிப்பையும் கையில் வைத்திருப்பது நல்லது, ஏனெனில் அங்கே முதலில் கேட்கப்படுவது தேதிகளே.