எந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிய பக்கம் அது?

எங்கள் வீட்டைக் குழப்பியது வாட்ஸ்அப் வதந்தி இல்லை. அமெரிக்க அரசின் சுகாதாரப் பக்கம் ஒன்று. அதில் ஒரு வரிகூடப் பொய் கிடையாது.

நாங்கள் இருப்பது தருமபுரி மாவட்டம், பென்னாகரம் பக்கம். மகளுக்குப் பால் பல் விழுந்து முளைத்த முன்பற்களில், சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளைக் கோடுகள். எங்கள் பக்கத்துக்கு இது புதிதா என்ன? போர் தண்ணீரில் ஃபுளோரைடு இருக்கும், சோதித்துப் பார்ப்போம் என்றேன். பெங்களூரில் இருக்கும் கொழுந்தனார் உடனே ஒரு லிங்க் அனுப்பினார். "அண்ணி, அமெரிக்க கவர்ன்மெண்டே சொல்லுது, ஃபுளோரைடு பல்லுக்கு நல்லதுன்னு. கண்ட வீடியோவையும் பார்த்துட்டுப் பயப்படாதீங்க." அவர் இன்ஜினியர், நான் பன்னிரண்டாவதோடு நின்றவள். யார் பேச்சு எடுபடும் என்று சொல்லவேண்டியதில்லை.

அந்தப் பக்கத்தை நான் முழுக்கப் படித்தேன். அனுப்பியவர் படித்திருக்க மாட்டார். அங்கே ஃபுளோரைடு குறைவான தண்ணீரில், பல் சொத்தையைத் தடுக்க அதை அளந்து சேர்க்கிறார்கள். 1945-இல் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தொடங்கிய வழக்கம் அது. இப்போது அவர்கள் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 0.7 மில்லிகிராம். நமக்கு யாரும் சேர்க்கவேண்டாம், பாறையே கரைத்துக் கொடுத்துவிடுகிறது. நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, 1 மில்லிகிராம் வரை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லை என்றால் 1.5 வரை. எங்கள் போரில் 3-ஐத் தாண்டியிருந்தது. அது தெரியவந்தபோது மகளின் மற்றப் பற்களும் முளைத்துவிட்டன, கோடுகள் பழுப்பாகிவிட்டன. ஏறக்குறைய எட்டு வயதுக்குள் பல்லின் எனாமல் உருவாகிவிடும். அதன் பிறகு நல்ல தண்ணீர் கொடுத்தாலும் அந்தக் கறை போகாது.

ஆகவே எவ்வளவு பெரிய அமைப்பின் பக்கமாக இருந்தாலும், அது எந்த ஊர்த் தண்ணீரைப் பற்றிப் பேசுகிறது, எத்தனை மில்லிகிராமுக்குப் பேசுகிறது என்று முதலில் பாருங்கள். தேடும்போது நோயின் பெயரைப் போடாதீர்கள். 'பல் கறை நீங்க' என்று தேடினால் எலுமிச்சையும் சோடா உப்பும்தான் வந்து நிற்கும். மாவட்டப் பெயரோடு 'நிலத்தடி நீர், ஃபுளோரைடு' என்று போடுங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மாவட்ட அறிக்கைகள் வரும். ஆண்டைப் பாருங்கள், உங்கள் ஒன்றியம் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் உங்கள் போரைப் பற்றிச் சொல்லாது. சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிக் கொடுங்கள். ஃபுளோரைடு பார்க்கவேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெரிய வேலையே இல்லை.

டிடிஎஸ் மீட்டரை நம்பாதீர்கள். கொழுந்தனார் அதையும் வாங்கி அனுப்பினார்; 420 காட்டியது, 500-க்குள் இருக்கிறது என்று வீடே நிம்மதியானது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து அந்தக் கருவி மொத்த உப்பைக் கணக்கிடுகிறது. அதில் 3 மில்லிகிராம் ஃபுளோரைடு எங்கே தெரியப்போகிறது? ருசியும் உதவாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இலேயே வந்துவிட்டது. ஆனால் மாமியாருக்குப் போர் தண்ணீரில்தான் பருப்பு நன்றாக வேகும். சுண்ணாம்புச் சத்து குறைந்த அப்படிப்பட்ட மென்நீரில்தான் பல இடங்களில் ஃபுளோரைடு கூடுதலாகக் கரைந்திருக்கும். இதை நான் சொன்னபோது சமையலறையில் யாரும் பேசவில்லை.

கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. நீர் சுண்டச் சுண்ட அளவு கூடும். ஆர்ஓ எடுத்துவிடும். ஆனால் அதை விற்க வந்தவர் டம்ளரில் இரண்டு கம்பிகளை விட்டு, கரண்ட் கொடுத்து, தண்ணீரைச் செம்மண் நிறமாக்கிக் காட்டினால் மயங்காதீர்கள். அந்த நிறம் கம்பியிலிருந்து கரையும் இரும்பு. எங்கள் வீட்டிலும் ஒருவர் செய்துகாட்டினார். அதே கம்பிகளை உங்கள் ஆர்ஓ தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டு விடுங்கள் என்றேன். பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கொழுந்தனார் இப்போது குடும்ப குரூப்பில் "எல்லாரும் தண்ணியை டெஸ்ட் பண்ணுங்க" என்று எழுதுகிறார். அவர் அபார்ட்மெண்ட் போர் ரிப்போர்ட்டைக் கேட்டிருக்கிறேன். இன்னும் அனுப்பவில்லை.