கொழும்பு வர்த்தக ஒலிபரப்பின் கதை



வயதான அம்மாமாரிடம் ‘பொங்கும் பூம்புனல்’ என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். லயத்தில் ஒரு வீட்டில் ரேடியோ இருந்தால் பக்கத்துக் காம்பராக்களுக்கும் அதுவே போதும். அந்தப் பாட்டுக்கெல்லாம் யார் காசு கொடுத்தார்கள்? இம்முறை அதைப் படிப்போம்.

கொழும்பு வானொலி 1925 டிசம்பர் 16இல் ஆரம்பமானது. தந்தித் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த எட்வர்ட் ஹார்ப்பர் என்ற வெள்ளைக்காரர், பிடிபட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலின் ரேடியோப் பாகங்களை வைத்து ஒலிபரப்பியைச் செய்தார். பிறகு இரண்டாம் உலக யுத்தம் வந்தது. ஆசியாவில் இருந்த பிரிட்டிஷ் படையினருக்காகக் கொழும்பிலிருந்து ஒரு வானொலி நடத்தினார்கள். அதற்கென ஏகலவில் அமைந்த பலமான சிற்றலை ஒலிபரப்பி பின்னர் இலங்கைக்குக் கிடைத்தது. சிற்றலை வானத்தில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போகும். மலையும் கடலும் அதற்குத் தடையில்லை.

1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியது. அவுஸ்திரேலியரான கிளிஃபர்ட் டொட் அதை நடத்தினார். வர்த்தக சேவை என்றால் சோப்பு, பற்பசைக் கம்பெனிகள் நேரத்தை விலைக்கு வாங்கும். எத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் விலை. சரியாச் சொன்னா, அங்கே விற்பனைக்குப் போனது நம்ம காதுதான்!

1952இல் இந்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஒதுக்கினார். தரம் குறைவாம். ஜனங்கள் கேட்பாங்களா? ரேடியோவைக் கொழும்புக்குத் திருப்பிவிட்டார்கள். அதே வருடம் ஆரம்பமான ‘பினாக்கா கீத்மாலா’ ஒரு பற்பசையின் பெயரில் நடந்தது. அமீன் சயானி பம்பாயில் பேசிப் பதிந்த நாடாக்கள் விமானத்தில் கொழும்புக்கு வந்தன. இந்திய விளம்பரப் பணமும் கூடவே வந்தது. 1957இல் இந்தியா ‘விவித பாரதி’யைத் தொடங்கியது, 1967இல் அதிலும் விளம்பரம் வந்தது. அதன்பின் கொழும்பின் வருமானம் முன்போல் இருக்கவில்லை.

தமிழில் எஸ்.பி. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரலைத் தமிழ்நாடே கேட்டது. அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ பிறகு தொலைக்காட்சிக்கும் போனது.

நமக்கு இதில் வேறொரு கணக்கும் உண்டு. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. வாக்காளர் இடாப்பிலும் பெயர் இல்லை. ஆனால் தபாலட்டை போட்டுப் பாட்டுக் கேட்டவரின் பெயரையும் ஊரையும் அறிவிப்பாளர் நாடறிய வாசிப்பார். அரசாங்கம் எழுத மறுத்த பெயரை ரேடியோ வாசித்தது! பற்பசை விற்கத்தான் வாசித்தார்கள் என்றாலும், கேட்டவருக்கு அது சின்ன விசயமில்லை.

1964 ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவானது. தலைமன்னாரில் கப்பலேறிப் போன பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினார்கள். கொழும்பு ஒலிபரப்பு அங்கேயும் கேட்டது. அக்கரையில் அண்ணன், இக்கரையில் தங்கச்சி, இருவருக்கும் ஒரே பாட்டு.

அப்படித் தபாலட்டை போட்டவர்கள், பெயர் வாசிக்கக் கேட்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், எந்தத் தோட்டம், எந்த வருடம், என்ன பாட்டு என்று கேட்டு நமக்கு எழுதி அனுப்புங்கள்.