படிப்பைப் பொய்யாகக் காட்டினால் பதவி போகுமா?

கேள்வி: எங்கள் எம்.எல்.ஏ. வேட்புமனுவில் எழுதிய பட்டம் பொய்யென்று தெரிந்தால், வழக்குப் போட முடியுமா?
- ஒரு வாசகர், ஆலங்குடி

பதில்: முடியும். சட்டமன்றத்துக்குப் போட்டியிடப் படிப்பே தேவையில்லை. கைநாட்டு வைப்பவரும் நிற்கலாம். ஆனால் வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் படிப்பைப் பற்றி உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

மணிப்பூரில் 2012-ல் மொய்ராங் தொகுதியில் வென்ற பிருத்விராஜ், மைசூர் பல்கலைக்கழகத்தில் எம்.பி.ஏ. படித்ததாக எழுதியிருந்தார். படிக்கவில்லை. எழுத்துப் பிழை என்றார். 2008 பிரமாணப் பத்திரத்திலும் அதே எம்.பி.ஏ. இருந்ததால் அந்த வாதம் எடுபடவில்லை. வேட்பாளரின் படிப்பை அறிவது வாக்காளரின் அடிப்படை உரிமை என்று சொல்லி, அவர் வெற்றி செல்லாது என்பதை 2016 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. களத்தில் இருவரே இருந்ததால், பொய்த் தகவல் தேர்தல் முடிவைப் பாதித்தது என்று தனியே நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை; அதுவும் வழக்குப் போட்டவருக்குச் சாதகமானது.

எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. அலகாபாத் வடக்குத் தொகுதி வழக்கில், படிப்பைப் பார்த்து இங்கே யாரும் ஓட்டுப் போடுவதில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமே கருத்துச் சொன்னது. எனக்கு இதில் உடன்பாடில்லை. பட்டம் இல்லாதது குற்றமல்ல, இல்லாத பட்டத்தைச் சொல்லி ஓட்டுக் கேட்பது மோசடி.

வழக்குப் போட, நீங்கள் உங்கள் எம்.எல்.ஏ.வின் தொகுதி வாக்காளர் என்றால் போதும். தேர்தல் முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள், 2,000 ரூபாய் பிணைத்தொகை கட்டி, சென்னை உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். தாமதித்தால் மனு நிற்காது. பல்கலைக்கழகத்திடம் எழுத்துப்பூர்வமான பதிலை முதலில் வாங்கிவிடுங்கள்.