தற்செயலாகத் தெரியும் தைராய்டு கட்டி



மூட்டை தூக்கிக் கழுத்து வலிக்கிறதென்று ஸ்கேன் எடுக்கப் போகிறோம். அறிக்கையில், 'தைராய்டில் சிறு கட்டி உள்ளது' என்று ஒரு வரி வருகிறது. அன்று முதல் கல்லாவில் உட்கார்ந்தாலும் கணக்கில் மனம் செல்வதில்லை.

தைராய்டு, குரல்வளைக்குக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் உள்ள சுரப்பி. கையால் தடவிப் பார்த்தால் 100 பேரில் ஐந்தாறு பேருக்கே கட்டி தட்டுப்படும். அல்ட்ரா சவுண்டு ஸ்கேனில் பார்த்தாலோ, வயதானவர்களில் பாதிப் பேருக்குக்கூடத் தென்படலாம். பெண்களுக்கு அதிகம். இவற்றில் பெரும்பாலானவை, ஏறக்குறைய 100-க்கு 90, புற்றுநோய் அல்ல.

செய்ய வேண்டியவை:

1. டி.எஸ்.எச். என்னும் ரத்தப் பரிசோதனை.

2. கழுத்துக்கென்றே ஓர் அல்ட்ரா சவுண்டு ஸ்கேன். அளவு மட்டுமின்றி, கட்டியின் வடிவம், ஓரம், சுண்ணாம்புப் புள்ளி ஆகியவற்றையும் பார்ப்பார்கள்.

3. தேவையானால் ஊசிப் பரிசோதனை. சந்தேகம் மிகுந்த கட்டிக்கு 1 செ.மீ. முதல், சந்தேகம் குறைந்ததற்கு 2.5 செ.மீ. முதல். வெறும் நீர்க்கட்டிக்குப் பெரும்பாலும் ஊசியே வேண்டாம்.

கட்டி வேகமாக வளர்ந்தாலும், குரல் கம்மினாலும், விழுங்கச் சிரமப்பட்டாலும், குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்தாலும் தள்ளிப் போடக்கூடாது.

அதே நேரம், அவசர அறுவையும் ஆகாது. தென்கொரியாவில் 1999-ல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் வந்தபின், கூடவே தைராய்டு ஸ்கேனும் பரவியது. 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 1993-ல் இருந்ததைப் போல் 15 மடங்கானது. இறப்பு விகிதமோ மாறவில்லை. தீங்கு செய்யாமலே இருந்திருக்கக்கூடிய கட்டிக்காகச் சுரப்பியை இழந்து, ஆயுள் முழுதும் மாத்திரை விழுங்குவோர் பலர். எனவே நோய்க்குறி ஏதும் இல்லாதவர்கள் 'எதற்கும் இருக்கட்டும்' என்று தைராய்டு ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

நம் கடைக்கும் இதில் ஒரு பங்குண்டு. அயோடின் குறைந்தால் கழுத்துக்கழலை வரும். நம் சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளி மிகுதி. அயோடின் குறைந்தவர்கள் அதைச் சரியாக வேகவைக்காமல் அடிக்கடி உண்டால் பாதிப்பு கூடும். சமையலுக்கு அயோடின் கலவாத உப்பு விற்பது 2006 மே 17 முதல் தடை. கடையில் விற்கும் உப்பில் 10 லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். ஈரமும் வெயிலும் படாமல் அடுக்கி, முன்னே வந்த சரக்கை முன்னே விற்போம். ஆனால், வந்துவிட்ட கட்டியை உப்பு கரைக்காது. அதற்கு மருத்துவரே வழி.

சரக்கைப் பார்க்காமல் விலை பேச மாட்டோம். கட்டி விஷயத்திலும் பரிசோதித்துத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பதே நமக்கு நல்லது.