பில் மகன் பெயரில், மோட்டார் அப்பாவின் வயலில்

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஒரத்தநாடு பக்கத்தில் அப்பா செய்யும் விவசாயத்துக்காகத் தஞ்சாவூர்க் கடை ஒன்றில் நீர்மூழ்கி மோட்டார் வாங்கிக் கொடுத்தேன். பணம் என் கணக்கிலிருந்து போனது, பில்லும் என் பெயரில். குறுவைக்கு நாற்று விட்ட நேரத்தில், வாங்கிய இரண்டாம் மாதமே காயில் எரிந்துவிட்டது. "விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம், பில்லில் பேர் இருப்பவர் நேரில் வரட்டும்" என்கிறார்கள். நான் ஊருக்கு வந்துதான் ஆக வேண்டுமா?

பதில்: வர வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2(7) பிரிவில், விலை கொடுத்தவரை மட்டுமல்லாமல் அவர் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரையும் நுகர்வோர் என்றே சொல்கிறது. அந்த மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பாய்ச்சுபவர் உங்கள் அப்பா. எனவே அவர் தம் பெயரிலேயே தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். உங்களுக்காகப் பேசும் ஆளாக அல்ல, சொந்த உரிமையோடு. பில் நகலும், அவர் உபயோகத்துக்கே வாங்கினேன் என்று நீங்கள் கையெழுத்திட்ட கடிதமும் போதும். மோட்டார் செய்த கம்பெனி கோயம்புத்தூரில் இருந்தாலும் அதையும் இங்கேயே எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போட 34ஆம் பிரிவு இடம் தருகிறது. கிராமத்துப் பெரியவர்களை அலையவிடாத இந்த ஏற்பாடு பழைய 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் இல்லை.

"விவசாயம் வியாபாரம்தானே, அவர் எப்படி நுகர்வோர்?" என்று எதிர்தரப்பு வாதாடக்கூடும். தேசிய விதைக் கழகம் எதிர் மதுசூதன் ரெட்டி வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. பிழைப்புக்காகத் தானே உழைத்துச் செய்யும் விவசாயி நுகர்வோரே. கடையில் தொங்கும் 'திரும்பப் பெறப்படாது' பலகைக்கும் மதிப்பில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதே நேர்மையற்ற வணிகமுறை என்கிறது சட்டம். உங்கள் மோட்டார் 30 நாளைத் தாண்டியிருக்கலாம். அதற்காக உற்பத்திக் குறை இல்லையென்று ஆகிவிடாது. மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்டஈடு கொடுக்கவோ ஆணையம் உத்தரவிடலாம்.

உண்மையான சிக்கல் சாட்சியத்தில்தான். சிங்கப்பூரில் 2012 செப்டம்பரில் வந்த சட்டப்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று கடைக்காரர்தான் காட்ட வேண்டும். நம் சட்டத்தில் அப்படி எழுதப்படவில்லை. இங்கும் எழுதப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதுவரை நிரூபிக்கும் பாரம் உங்கள் பக்கம். கடைக்காரர் நிச்சயம் 'லோ வோல்டேஜ், மூன்று பேஸில் ஒன்று போயிருக்கும்' என்பார். அதே டிரான்ஸ்ஃபார்மரில் ஓடும் பக்கத்து வயல் மோட்டார்கள் எரியவில்லை என்றால், அந்த விவசாயிகளின் பிரமாண வாக்குமூலம் அதற்கு நல்ல பதில். அதைவிட முக்கியம், எரிந்த மோட்டாரைக் காயில் கட்டும் பட்டறைக்குக் கொடுத்துவிடாதீர்கள். விதை வழக்கில் கம்பெனி, 'விதையைச் சோதனைக்கு அனுப்பவில்லையே' என்று கேட்டது. விதைத்துவிட்ட விவசாயியிடம் மாதிரி எப்படி மிஞ்சும் என்று நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. மோட்டார் அப்படிக் கரைந்துபோகும் பொருளல்ல. ஆணையம் அதைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பும். பிரித்துக் கட்டிவிட்டால் சோதிக்க என்ன இருக்கும்? நாற்று காயும்போது வழக்குக்காகக் காத்திருக்க முடியாது என்பது நியாயம்தான். அதனால் சீரியல் நம்பரோடு படம் எடுத்து, கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, வாடகைக்கு இஞ்சின் போட்டு இறையுங்கள். அந்த ரசீதுத் தொகையையும் நட்டஈட்டில் கேட்கலாம்.

'தெரிந்த கடை, முகத்தில் எப்படி விழிப்பது' என்று அப்பா தயங்கக்கூடும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பல கடைகள் அதிலேயே இறங்கிவரும். இறங்கிவராவிட்டால் ஆணையம். பொருளின் விலை ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, இணையம் வழியாகவும் புகார் தரலாம். மனுப் போட்டுக் கேட்டால் காணொலி விசாரணையும் கிடைக்கலாம்; நீங்கள் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் அது கைகொடுக்கும். காலக்கெடு இரண்டு ஆண்டு. ஆனால் நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்கள்.